பன்னிரண்டாவது நாற்காலியும் கசப்புச் சோடாவும்

சேசு மரி சூசை துணை

மூணாறு,
ஈஸ்டர் கழிந்து இரண்டாம் செவ்வாய்.

அன்பு மகள் நிமிக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஜோபியும் வயிற்றுப் பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் நல்ல சுகத்தோடு இருக்க ஆண்டவரை மன்றாடுகிறோம். இங்கே நாங்களும் சுகம், ஆனால் இந்தச் சுகம் போன வாரம்தான் திரும்பி வந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் எழுதுவது உன் அம்மாவுக்குத் தெரியாது. ஏழாம் மாதத்துப் பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக் கூடாது என்று அப்பாவுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் ஆஸ்பத்திரி என்று மட்டும் உன்னிடம் சொல்லி வைத்தாள். எனக்குக் காய்ச்சலும் இல்லை, ரெண்டு நாளும் இல்லை, ஆறு நாள் கிடந்தேன். அந்தக் கசப்புச் சோடாவை நிறுத்து என்று போனில் நான் சொன்னபோது காரணம் சொல்ல முடியாமல் போனதும் அதனால்தான், அவள் கட்டில் பக்கத்திலேயே நின்றாள். நீயும் சரிப்பா என்றாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உனக்குப் பின்னால் அடுப்பங்கரைத் தட்டில் பாதி குறைந்த பாட்டிலைப் பார்த்தேன். உன் சரிப்பாவை நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்டு வருகிறேன், எனக்குத் தெரியாதா. போனில் சொன்னால் காற்றோடு போகிறது, எழுதினால் திரும்பப் படிப்பாய். நம் ஹோம்ஸ்டேயில் ரூம் பார்க்கிற செல்வப்பிரியா இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

விஷயம் விபூதிப் புதனில் தொடங்கியது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் பிராந்தியைத் தொடுவதில்லை என்று வருஷா வருஷம் நான் நேர்ந்துகொள்வதும், மூன்றாம் வாரத்தில் முகம் கடுகடுவென்று ஆவதும் உனக்குத் தெரிந்த கதை. இந்த வருஷம் ஹோம்ஸ்டேயில் தங்கிய விருந்தாளிகள் ஜின்னைக் குடித்துத் தீர்த்துவிட்டு, அதில் கலக்கக் கொண்டுவந்த டானிக் வாட்டர் என்கிற அந்தக் கசப்புச் சோடா ஒரு பெட்டியை அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். வீணாக்குவானேன் என்று ஒன்றைத் திறந்து வாயில் விட்டேன். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் எங்கள் அப்பா சிங்கோனாப் பட்டையைக் கொதிக்க வைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுவாரே, அதே கொய்னாக் கசப்பு. கசக்கிறதெல்லாம் மருந்து என்று வளர்ந்த வாய் இது. ஒறுத்தலுக்கு ஒறுத்தலும் ஆச்சு, மருந்துக்கு மருந்தும் ஆச்சு என்று சாயங்காலம் ஒரு கிளாஸ் குடித்தேன். அந்த வாரமே கெண்டைக்கால் சுண்டி இழுப்பது நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, ஒரு கிளாஸ் ரெண்டு பாட்டிலாகி, பெட்டி காலியானதும் பஜாரில் வாங்கிக் குடித்து, நாலாம் வாரத்தில் தண்ணீருக்குப் பதில் அதுதான் என்று ஆகிவிட்டது. நீ கால் இழுக்கிறது என்று அழுத அன்றைக்குப் பெரிய வைத்தியர் கணக்காக உனக்கும் அதையே சொன்னேன். நீ கடையில் தேடி வாங்கி பாட்டிலோடு போட்டோ அனுப்பினாய். அதை ஜீப் ஓட்டுகிற நல்லமுத்துவிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

பிறகு காதுக்குள் ஒரு இரைச்சல். முப்பத்திரண்டு வருஷம் டீ ஃபேக்டரியில் ரோலர் ஓட்டின காது, பழைய சத்தம் உள்ளே தங்கிவிட்டது என்று நினைத்தேன். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது, பிரஷ்ஷை மாற்றினேன். கணுக்காலில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் வந்ததைப் பார்த்து உன் அம்மா கேட்டதற்கு அட்டைக்கடி என்றேன். மழையே இல்லாத மாசத்தில் அட்டை எங்கேயிருந்து வந்தது, கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறியா என்று கேட்டாள். அதற்குப் பிறகு வீட்டிலும் சாக்ஸைக் கழற்றாமல் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன் நிமி, எனக்கே மனசில் ஏதோ பட்டது. ஆனால் டாக்டரிடம் போனால் அதை விடு இதை விடு என்பார், நேர்ச்சை கெடும், ஈஸ்டர் கழியட்டும் என்று தள்ளிப் போட்டேன். வீம்புதான், வேறென்ன.

பெரிய வியாழன் பூசையில் பங்குச் சாமியார் பாதம் கழுவுகிற பன்னிரண்டு பேரில் ஒருவனாக இந்த வருஷம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எத்தனை வருஷம் ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் பன்னிரண்டாவது நாற்காலி மட்டும்தான் காலி, காட்டிக்கொடுத்த யூதாஸ் இடம் என்று அதில் ஒருவனும் உட்கார மாட்டான். நான் உட்கார்ந்தேன். சாக்ஸைக் கழற்றித்தானே ஆக வேண்டும். சாமியார் முழங்கால் போட்டு என் வலது காலைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினவர் பாதியில் நிறுத்தினார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் புள்ளி, அவர் விரல் பட்ட இடம்கூடக் கன்றிப் போயிற்று. துடைத்து, வழக்கப்படி முத்தம் கொடுத்துவிட்டு, சுவக்கீன், பூசை முடிகிற வரை இருக்க வேண்டாம், இப்பவே கிளம்புங்க என்று காதோடு சொன்னார். நல்லமுத்துவின் ஜீப்பில்தான் போனோம்.

டாக்டரம்மா டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். எதுவும் இல்லை, ஆனால் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய பிளேட்லெட் பன்னிரண்டாயிரம்தான் இருந்தது. ரத்தம் உறைய அதுதான் வேண்டும், இனியும் குறைந்திருந்தால் மூளைக்குள் கசிந்திருக்கலாம் என்றார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் ஒன்றுமில்லை என்றேன். குடிப்பீர்களா என்றார், தபசு காலம், தொடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். உன் அம்மாதான் பொறுக்காமல் பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்து, டாக்டரே, இந்த மனுஷன் குடிக்கிறது இதுதான் என்றாள். லேபிளைப் படித்ததும் அவருக்குப் பிடி கிடைத்தது. இதில் இருப்பது கொய்னாதான், அளவு கொஞ்சம்தான், எப்போதாவது ஒரு கிளாஸ் குடிக்கிற முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் சில உடம்புக்கு அந்தக் கொஞ்சமே ஆகாது, தன் ரத்தத்தைத் தானே அழித்துக்கொள்ளும், இனி ஆயுசுக்கும் ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது என்றார். கசப்பாக இருக்கிறதே ஒழிய சர்க்கரையும் நிறைய இருக்கிறதாம், என் சுகரும் ஏறிக் கிடந்தது. சோடாவை நிறுத்தி, மாத்திரையும் கொடுத்தார்கள், ஆறாம் நாள் கவுண்ட் ஏறிவிட்டது, காது இரைச்சலும் போய்விட்டது. அண்ணாச்சி, பேசாம பிராந்தியையே குடிச்சிருந்தா பூசை முடியிற வரைக்கும் கோயில்ல இருந்திருக்கலாமே என்று நல்லமுத்து ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான், திரியட்டும்.

எனக்கு வந்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த முதல் ராத்திரி உன் போட்டோதான் கண்முன் நின்றது, கையில் பாட்டிலோடு சிரிக்கிறாய். டாக்டரம்மாவிடம் என் மகள் மாசமாக இருக்கிறாள், அவளுக்கும் இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். கர்ப்பிணிகள் குடிக்காமல் இருப்பதே நல்லது, தினம் ஒரு கிளாஸ் வீதம் குடித்ததற்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று அங்கே பார்க்கிற டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். கால் இழுப்புக்கும் இது சரியான மருந்தில்லையாம். ஆகையால் மகளே, இதைப் படித்து முடித்ததும் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு அந்தக் காலி பாட்டிலோடு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. நாளைக்கே டாக்டரிடம் போ. அம்மா திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். கால் இழுத்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு, மருந்து எதுவும் சொல்ல மாட்டேன், இழுப்பு விடுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருப்பேன்.

அந்தோணியார் உன்னையும் பிள்ளையையும் காப்பாராக. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். கடைசியாக ஒன்று, மறக்காதே. வயிறு மறைக்கிற இந்த மாசத்தில் உன் காலை நீயே குனிந்து பார்க்க முடியாது. என் காலை நானும் பார்க்கவில்லை, முழங்கால் போட்டவர்தான் பார்த்தார். இன்றைக்கு மாப்பிள்ளை வேலை முடிந்து வந்ததும் சாக்ஸைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உன் ரெண்டு காலையும் அவரைப் பார்க்கச் சொல்.

இனி யாருக்கும் வைத்தியம் சொல்லாத
உன் அப்பா,
ம. சுவக்கீன்