கரிக்கோட்டில் என் முகம்

12 மார்ச், வியாழன்

இன்று எனக்கு எழுபத்திரண்டு வயது, ஐந்து மாதம், ஒன்பது நாள். முப்பத்தொரு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்தேன். கோடிக்கணக்கான ஆண்டுகளைத் தோராயமாகச் சொல்லியே வாழ்க்கை கழிந்தது. சொந்த வயதிலாவது துல்லியம் இருக்கட்டும்.

மாலை குளித்துவிட்டு வந்தால் என் கைபேசி தங்கையின் கையில்.

"என் கண்ணாடிச் சீட்டை உன் போன்ல படம் எடுத்து வெச்சோமே, அதைத் தேடறேன்க்கா. ஒரே கறுப்பா வருது. என்ன இதெல்லாம்?"

"பாறை."

"இவ்வளவுமா?"

"பாறைன்னா ஒண்ணோட நிக்காது."

நம்பிவிட்டாள். கண்ணாடிச் சீட்டைத் தேடுகிறவளிடம் கண்ணாடி இல்லை, அதனால் நான் பிழைத்தேன். இந்த வீட்டில் கைபேசி யார் அருகில் கிடக்கிறதோ அவருக்குச் சொந்தம். எங்கள் அம்மா காலத்து வழக்கம் இது: வருகிற கடிதத்தை முதலில் கண்டவர் பிரித்து எல்லோருக்கும் உரக்கப் படிப்பார். தங்கையோ அதற்கும் மேலே. தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டு இணைப்பு கொடுத்தவள். பிறர் பேச்சுக்கு நடுவில் இருப்பதுதான் அவளுக்கு ஓய்வு.

அவை பாறைகள் அல்ல. நான். உடையில்லாத நான், கரிக்கோட்டில்.

எட்டு மாதமாக வியாழன்தோறும், சந்தைக்குப் பின்னாலிருக்கும் கட்டடத்தின் நான்காம் மாடியில், ஓவிய வகுப்புக்கு மாடலாக அமர்கிறேன். பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது: 'வயது முதிர்ந்த உடல் தேவை.' என்னிடம் ஒன்று இருந்தது, சும்மாதான் கிடந்தது. தங்கையிடம் நடைப்பயிற்சிக் குழுவில் சேர்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பின் விதி கண்டிப்பானது. மாணவர் பதின்மூவரும் கைபேசிகளை வாசலில் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். முடிந்தபின், நான் உடுத்திக்கொண்டு வந்து ஓவியங்களைச் சுற்றிப் பார்ப்பேன். எனக்குப் பிடித்தவற்றை ஆசிரியை என் கைபேசியில், என்னுடையதில் மட்டும், படமெடுத்துத் தருவார். ஆக, நாற்பத்தொரு படங்களும் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அந்த இடம் எங்கள் சாப்பாட்டு மேசை.

அழித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. தெரியும். ஆனால் எழுபத்திரண்டு ஆண்டுகளில் என் முதுகை நான் பார்த்ததே இல்லை. நல்ல முதுகு.

தங்கைக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அழுவாள். தம்பியிடம் சொல்வாள். தம்பி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்காருவான். 'இந்த வயசுல' என்ற சொல் இந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியேறும். வியாழக்கிழமை என் கையை விட்டுப் போய்விடும். எனக்கு இருக்கிற கிழமைகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

14 மார்ச், சனி

கைபேசிக் கடைக்குப் போனேன். கடைக்காரிக்கு முப்பது வயது இருக்கும். நகத்துக்கு ஒரு நிறம். விரலை வைத்துத் திறக்கும் வசதியை முதலில் முயன்றாள். நான்கு விரல், எட்டு முறை. கைபேசி என்னை ஏற்க மறுத்தது.

"ரேகை தேஞ்சு போச்சு மேடம் உங்களுக்கு."

"முப்பது வருஷம் கல்லைத் தடவினா தேயும்."

அடுத்து ஒரு செயலியைக் காட்டினாள். வெளிப்பார்வைக்குக் கால்குலேட்டர், ரகசிய எண்ணைத் தட்டினால் உள்ளே படங்கள்.

"இதைச் செஞ்சது யாரு?"

"அது தெரியாது மேடம். நிறைய பேர் போட்டிருக்காங்க."

தெரியாத ஒருவனிடம் படங்களைக் கொடுத்து, தெரிந்த ஒருத்தியிடமிருந்து காப்பதா? தவிர, தங்கை அதில் உண்மையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பாள். வேண்டாம் என்றேன்.

கைபேசியிலேயே பூட்டிய கோப்புறை ஒன்று இருக்கிறதாம். அதைத் திறந்து தந்தாள். ஆறு இலக்க எண்.

"பேங்க் பேப்பரா மேடம்?"

"இல்லை. என் படங்கள்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீங்களே ஒவ்வொண்ணா உள்ள தள்ளுங்க. நான் பாக்கலை. நம்பரை மறந்துட்டீங்கன்னா என்னாலயும் திறக்க முடியாது, சொல்லிட்டேன். அப்பறம் குப்பைத் தொட்டியையும் காலி பண்ணுங்க. அழிச்சதெல்லாம் அங்கதான் கெடக்கும்."

அரை மணி நேரம் அவள் சுவரைப் பார்த்தபடியே வேறொரு கைபேசியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் பணியாற்றிய துறையில் இவ்வளவு நாகரிகமான ஆளை அதிகம் கண்டதில்லை.

15 மார்ச், ஞாயிறு

எண்ணை எங்கும் எழுதவில்லை, இங்கும் எழுதமாட்டேன்.

19 மார்ச், வியாழன்

நல்ல நாள்.

முக்காலியில் பக்கவாட்டாக அமர்வு; இருபது நிமிடம் அசையக் கூடாது, பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு. காலடியில் மின் கணப்பு. இடது முழங்கால் முணுமுணுத்தது, கண்டுகொள்ளவில்லை.

எட்டு மாதமாக இவர்கள் யாரும் எனக்கு முகம் வரைந்ததில்லை. தோள், முதுகு, தொடை எல்லாவற்றையும் அஞ்சாமல் வரைகிறார்கள். கழுத்துக்கு மேலே ஒரு முட்டையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்த்தால் நான் முறைத்துவிடுவேனோ என்ற பயமாக இருக்கலாம். நியாயமான பயம்.

இன்று ஒருவர் வரைந்திருக்கிறார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், வகுப்புக்குப் புதியவர். அகலமான உள்ளங்கை, அதில் கரித்துண்டு குச்சி மாதிரி இருக்கும். இடது புருவம் மேலே ஏறி, உதடு ஒரு பக்கம் இறுகி, எதிரில் நிற்பவனிடம் 'போய் மறுபடி எழுதிக்கொண்டு வா' என்று சொல்லப்போகிற முகம். என் முகம்தான்.

"எல்லாரும் விட்டுட்டாங்க, நீங்க ஏன் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷம் மூஞ்சியப் பாத்துப் பாத்துதான் டிக்கெட் குடுத்தேன்மா. மூஞ்சி இல்லாம எப்படி?"

வயிற்று மடிப்புகளையும் ஒன்றுவிடாமல் போட்டிருந்தார். அடுக்குகள் வரிசை மாறாமல் வந்திருக்கின்றன என்று பாராட்டினேன். அவர் அதை வசவாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, பிறகு அந்தப் படத்தைப் பூட்டிய கோப்புறைக்குள் தள்ளினேன். ஒரு மணி நேரத் தாமதம்தான். கைபேசி என் அறையில்தான் இருந்தது, யாரும் தொடவில்லை.

20 மார்ச், வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததால் இத்துடன்.

21 மார்ச், சனி

தங்கை என் கைபேசியை அவளாகவே கொண்டுவந்து கொடுத்தாள். மேசையில் கிடந்ததை இரண்டு விரலால் பிடித்து, சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோல. "இந்தா, உன்னோடது" என்றாள். என்னுடையது என்று அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ.

22 மார்ச், ஞாயிறு

தங்கை மகன் கூப்பிட்டான்.

"பெரியம்மா, தனியாவா இருக்கீங்க?"

இப்படித் தொடங்கிய பேச்சு எதுவும் நல்லதில் முடிந்ததில்லை.

"நம்ம ஆல்பத்துல ஒரு படம் வந்துச்சு பெரியம்மா. அங்கேருந்து எடுத்துட்டேன். கவலைப்படாதீங்க. அது... டிராயிங்தானே?"

போன ஆண்டு அவன்தான் குடும்பத்துக்கென்று அந்த ஆல்பத்தைக் கைபேசிகளில் அமைத்துக் கொடுத்தான். நாங்கள் ஆறு பேர் அதில்: தங்கை, அவன், அவன் மனைவி, என் தம்பி, தம்பி மனைவி, நான். 'யாரும் எதையும் அனுப்பவே வேண்டாம், யார் போன்ல நம்ம மூஞ்சி விழுந்தாலும் அதுவே கண்டுபிடிச்சு சேர்த்துக்கும்' என்று பெருமையோடு விளக்கினான். நானும் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது இன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த ஒரு மணி நேரம். குளிச்சு, சாப்பிட்டு — எனக்கு என்ன அவசரம், எல்லாம் என் அறையிலதானே இருக்கு! யாரும் தொடவே வேண்டாம், அது தானா நடந்து போயிருக்கு. நாற்பத்தொண்ணை உள்ளே வெச்சுப் பூட்டிட்டு நாற்பத்திரண்டாவதை வாசல்ல நிக்க வெச்சிருக்கேன். அதுவும் முகத்தோட. படிச்சவளாம், பட்டம் வாங்கினவளாம் — தூ.

யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டேன்.

"மாமா பாக்கலை, அவர் பாஸ்வேர்டை மறந்து ஆறு மாசம் ஆச்சு. அத்தை ஹார்ட் போட்டிருந்தாங்க. ஆனா அவங்க பாக்காமயே போடுவாங்க பெரியம்மா, போன மாசம் நான் போட்ட தண்ணி மோட்டார் படத்துக்கும் போட்டாங்க."

"உங்க அம்மா?"

"அம்மாதான் முதல்ல பாத்தாங்க. உடனே எனக்கு போன் பண்ணி, 'இப்பவே எடு, உன் பொண்டாட்டி கண்ணுல படறதுக்குள்ள எடு'ன்னாங்க. அரை மணியில எடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை."

வியாழக்கிழமையிலிருந்து தெரியும் அவளுக்கு. மூன்று நாளாக எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். தம்பியிடமும் சொல்லவில்லை. இணைப்பு கொடுக்கவே பிறந்தவள் முதல்முறையாக ஓர் இணைப்பைத் துண்டித்திருக்கிறாள், எனக்காக.

நான் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

23 மார்ச், திங்கள்

கைபேசிக் கடை. சற்றுக் கடுமையாகத்தான் பேசினேன்.

"உள்ள வெச்சதுக்குத்தானே மேடம் பூட்டு. வெளிய போற வழி இன்னொண்ணு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லியே," என்றாள். சரிதான். முகத்தைத் தேடிச் சேர்க்கும் ஏற்பாட்டை நிறுத்தினாள். இனி வகுப்பு முடிந்ததும், படி இறங்குமுன்பே, பூட்டிவிடச் சொன்னாள்.

கிளம்பும்போது கேட்டேன்: "அது புகைப்படம் இல்லை. தாளில் தேய்த்த கரி. நான் என்று அதற்கு எப்படித் தெரிந்தது?"

"நல்லா வரைஞ்சிருப்பாங்க மேடம்."

அரிய உண்மை. வீடு வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. இந்த நிலையில் மகிழ்ச்சி எதற்கு என்று கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

25 மார்ச், புதன்

தங்கை ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருவரும் அளவு கடந்த மரியாதையோடு நடந்துகொள்கிறோம். 'உப்பை எடுக்கலாமா' என்று அனுமதி கேட்கிறாள். தாங்க முடியவில்லை.

26 மார்ச், வியாழன்

போகாமல் இருந்துவிடலாமா என்று காலையில் ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

ஓய்வு இடைவேளையில் நடத்துநரைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னேன். கரிக்கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். மீசை இல்லாதவருக்கு மீசை வந்துவிட்டது.

"என்னால மாட்டிக்கிட்டீங்களாம்மா?"

"ஆமாம். மற்றவர்கள் வரைந்த நாற்பத்தொன்றில் என்னை அதற்குத் தெரியவில்லை. உங்களதில் தெரிந்துவிட்டது."

யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ செக்கிங்ல பாஸாயிட்டேன்னு சொல்லுங்க."

அடுத்த இருபது நிமிடமும் நான் சிரிக்காமல் அமர்ந்திருந்தது என் தொழில் திறமை.

27 மார்ச், வெள்ளி

காலையில் தங்கை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே ஆரம்பித்தாள்.

"எட்டு மாசமா நடக்கப் போறேன்னு சொல்லிட்டு உக்காரப் போயிருக்கே."

"ஆமா."

"நான் உனக்கு ஷூ வேற வாங்கிக் குடுத்தேன்."

"நல்ல ஷூ. நாலு மாடி ஏறணும், லிஃப்ட் கிடையாது."

இரண்டு பீன்ஸை நறுக்கினாள். "படத்தை நான் குறை சொல்லலை. உன்னை மாதிரியேதான் இருக்கு. என்னைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு மூஞ்சி வெச்சுப்பியே, அதேதான். ஆனா எங்கிட்ட சொல்லணும்னு தோணலையாக்கா? நான் என்ன, உன்னைக் கட்டியா போட்டிருப்பேன்?"

"தம்பிகிட்ட சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்," என்று நேர்மையாக ஒப்புக்கொண்டாள். "இப்ப சொன்னேனா?"

இல்லை. சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கடைசியாக யாரிடம் கேட்டேன் என்று நினைவில்லை. அவளும் அப்படி ஒன்றை என்னிடமிருந்து எதிர்பார்க்கவில்லை போலும், கத்தி பிசகி ஒரு பீன்ஸ் தரையில் விழுந்தது.

பிறகு, ஏசாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டாள்: "எங்க அக்கா ஸ்காலர்ஷிப்ல படிச்சவன்னு இன்னிக்கும் எல்லார்கிட்டயும் பெருமையடிக்கறேன். அப்பா போனப்பறம் ஒருத்தர் முன்னாடியும் கை நீட்டாம மேல்படிப்பு முடிச்சவ, அவ்வளவு கௌரவம் பாக்கறவ. இந்த வயசுல உனக்கு எப்படிக்கா இந்தத் துணிச்சல் வந்துச்சு?"

துல்லியமான கேள்விக்குத் துல்லியமான விடைதான் முறை. சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படமெல்லாம் இப்ப எங்கக்கா இருக்கு?" என்றாள். தெரியாது என்றேன். யார் வீட்டிலோ, எந்தச் சுவரிலோ. அடுத்த வியாழன் நான்காம் மாடி வரை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். உள்ளே வரமாட்டாளாம், படியில் உட்கார்ந்திருப்பாளாம்.

அவளிடம் சொன்னதை இங்கும் எழுதிவிடுகிறேன். ஐம்பத்தொரு ஆண்டுக் குறிப்பேடுகள் எதிலும் அது இல்லை. எனக்கு உதவித்தொகை கிடைக்கவே இல்லை, விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இருபத்தொரு வயதிலிருந்து இரண்டு ஆண்டுகள், திங்களும் புதனும் மாலையில், ஓவியக் கல்லூரியின் பின்கட்டு அறையில் மாடலாக அமர்ந்துதான் நான் என் படிப்பை முடித்தேன். துணிச்சல் எனக்கு இந்த வயதில் வந்ததல்ல. அப்போதே வந்துவிட்டது, நடுவில் கொஞ்ச காலம் உத்தியோகம் பார்த்தேன்.