முப்பது இடங்களில் இறந்தவன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம். நான் சுகம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், உனக்கு அதில் சந்தேகம் வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டேன், கோபம் வந்தால் எனக்கு வாய் ஓடாது, அதனால் எழுதுகிறேன். போன வாரம் கீழ்வீட்டுத் தையல்காரர் தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியிருக்கிறார். போனில் தட்டியதும், வயதானவர்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகளின் பட்டியல் ஒன்று வந்திருக்கிறது. அதில் காசு கட்டி முதலில் நிற்பது உன் கம்பெனி, பக்கத்தில் உன் படம். நம்ம வீட்டுப் பெண்ணாச்சே என்று ஆசையாகப் படித்தவர் அப்படியே மாடியேறி வந்துவிட்டார். காலையில்தான் என்னைப் படியில் பார்த்திருந்தார், ஆனாலும் எழுத்தில் பார்த்துவிட்டால் மனுஷனுக்கு ஒரு சந்தேகம். "சார், நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை நீட்டினார். 'கவனிக்க ஆளில்லாமல் வீட்டில் தனியாக கிடந்து இறந்த தன் அப்பாவின் நினைவாக இவர் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.' அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவன் நான், 'தனியாகக் கிடந்து' என்பதில் ஒற்று விட்டுப்போனதுதான் முதலில் கண்ணில் பட்டது. மற்றது அப்புறம்தான் உறைத்தது.

அந்தப் பட்டியல்காரர்களைக் கூப்பிட்டேன். காசு கட்டினவங்கதான் மாத்த முடியும், நீங்க யார் சார் பேசறது என்றாள் ஒரு பெண். அதில் இறந்துபோன ஆள்மா என்றேன். கொஞ்சம் இருங்க என்று பாட்டு வைத்தாள், பாட்டு முடியவே இல்லை. பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன். ஒரு 'ஐயோ'வாவது வரும் என்று நினைத்தேன். நீ சொன்னாய், "அது சும்மா ஒரு கதைப்பா. வெறும் பேரும் நம்பரும் போட்டப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. இதைப் போட்டப்புறம்தான் கூப்பிடறாங்க. முப்பது இடத்துல இதையே போட்டுக் காசு கட்டியாச்சு, மாத்தணும்னா திரும்பக் கட்டணும்." சரி, நான் உயிரோடு வர ஆகும் செலவை நானே அனுப்புகிறேன், எவ்வளவு என்று எழுது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன், அம்மாவும் தையல்காரரும்தான் தூக்கிவிட்டார்கள். நீ கவலைப்படுவாய் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்ல வேறு பயம், அதையும் எடுத்துப் போட்டுவிடுவாயோ என்று.

அம்மாவிடம் மறைக்கத்தான் பார்த்தேன், தையல்காரர் மனைவி சொல்லிவிட்டாள். அப்போதும் அம்மா உன்னை விட்டுக்கொடுக்கவில்லை, தொழில்னா ஆயிரம் இருக்கும், நீங்க பெரிசு பண்ணாதீங்க என்றாள். பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து அந்த வரியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "நீங்க தனியாக் கிடந்தீங்கன்னா, அப்ப நான் எங்க போயிருந்தேன்?" என்று கேட்டாள்.

உன் தொழில் பெருகட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். என் நம்பருக்கு வேண்டாம், அம்மாவுக்குப் போடு. அவள் கேட்டதற்கு நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா