பிறந்தநாள் நாட்காட்டியை நான்தான் எடுத்துப்போகிறேன்

ஹிஸ்கே,

நம் கல்யாணத்துக்கு உன் அம்மா தந்த தேநீர்க் குடுவையை உடைத்துவிட்டேன். விரல் மடங்கவில்லை, குடுவை காத்திருக்கவில்லை. வெறுங்காலோடு சமையலறைக்குள் வராதே. பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது.

கழிப்பறைச் சுவரில் எப்போதும் தொங்கும், எல்லார் பிறந்தநாளும் குறித்த நாட்காட்டியைத் தேடாதே. தினமும் எந்த மூட்டு வலித்தது என்று அதில்தான் குறித்திருக்கிறேன். உன் அக்கா பிறந்தநாளன்று இரண்டு முழங்காலும், தற்செயல்தான்.

"டாக்டர்கிட்ட ஜோக்கடிச்சே ரெண்டு வருஷமா பாரசிட்டமாலோட திரும்பி வர்றே" என்று நேற்று நீ கத்தியது சரி. இன்று டாக்டரிடம் நாட்காட்டியே பேசட்டும். சாவியை மூன்று முறை தேடினேன், கையில்தான் இருக்கிறது.

வீபே

பி.கு: கிளம்புமுன் டாக்டரின் நர்ஸுக்குப் போன் செய்து, ஜோக்கில்லாமல் கேட்டேன்: "இது வெறும் வயசா?"

"இல்ல சார். என்னன்னு இன்னும் தெரியாது, ஆனா வயசு மட்டும் இல்ல. வாங்க, இன்னிக்கே ரத்தம் எடுக்கிறோம்."