முப்பது நாள் நோட்டு

அன்புள்ள தேவானைக்கு, அடையாற்றிலிருந்து உன் கணவன் ரகுபதி எழுதுவது. உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இதை நானே எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன். நான் வாட்ச்மேனாக இருக்கும் நர்சிங் விடுதியில் கடைசி வருஷம் படிக்கிற பூங்கொடிதான் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள். அவள் அம்மா சிந்தாதிரிப்பேட்டையில் மீன் அரிந்து கொடுத்துப் பெண்ணைப் படிக்க வைக்கிறாள்.

பட்டம் வாங்க, ஒரே ஆளை முப்பது நாள் தினமும் பார்த்து நோட்டில் எழுத வேண்டுமாம். அந்த ஆள் நான்தான். ரத்த அழுத்தம் முதல் நாள் 150. நேற்று 190. எல்லாம் நானே வாசித்தேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், பயப்படாதே. நான்கு நாளாக இடது கை மரத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். எழுதுவது வலது கைதானே. காலையில் பூங்கொடி பார்த்துவிட்டாள்.

"இன்னா தாத்தா, கை தொங்கிக்கினு கீது? டாக்டராண்ட போலாம் வா."

"அதன்மேல் படுத்துவிட்டேன், போய்ப் படி" என்றேன்.

சொன்னால் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். நோட்டு பாதியில் நிற்கும். வேறு ஆளை வைத்து முதலிலிருந்து எழுதப் பரீட்சைக்கு முன் அவளுக்கு நாள் இல்லை. இன்னும் ஆறு நாள்தான். அது முடிந்ததும் நானே சொல்கிறேன்.

பொத்தான் இல்லாமல் தலைவழியாக மாட்டும் சட்டை ஒன்று அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா.

வெளியே பிள்ளைகள் மணி அடிக்கிறார்கள். ஒரு கையால் கேட்டைத் திறக்க நேரமாகிறது, போகிறேன்.

ரகுபதி