மீன்கடைக் குளிர்

ஆமாம், அப்பா ஊசியைத் தானேதான் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றதோடு சரி. நீ போனில் கேட்டபோது அவர் அதே அறையில் இருந்தார், அதனால்தான் நல்லபடியா முடிஞ்சுதும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. அவர் எதிரில் அவரைப் புகழ்ந்தால் அன்றைக்கு முழுக்க வீடு தாங்காது, உனக்கே தெரியும்.

வாலு, இங்கே நாங்கள் இருவரும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், என்னைவிட அவர் நன்றாக. அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போன மழைக்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பாவுக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பிப்போய், கண்ணாடியைப் பார்த்து, யாரும்மா இந்த ஆளு, வாடகை ஒழுங்கா குடுப்பானா என்று என்னிடம் கேட்டார். சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்விட்டேன். கீழே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பட்டறையிலிருந்து மேலே ஏறி வரும்போது பாதிப் படியில் நின்று மின்சார மீட்டரைப் பார்ப்பார். ஏதோ கணக்கெடுக்கிறவர் மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. மீட்டரில் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்குவதை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் நுரையீரல் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இவருடைய ஆஸ்துமாவில் ஒரு வகை வெள்ளை அணு கூடிப்போய் மூச்சுக்குழாயை வீங்க வைக்கிறது, அதைக் குறைக்க மாதம் ஓர் ஊசி என்றார். திடீரென்று திணறினால் ஊசி உதவாது, அதற்கு இன்ஹேலர்தான், தினமும் இழுப்பதையும் விடக் கூடாது. ஊசி ஒத்துக்கொண்டால், தான் சொல்லச் சொல்ல மாத்திரையை மெதுவாகக் குறைக்கலாம் என்றும் சொன்னார். உன் அப்பாவின் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும். முதல் சில மாதங்கள் க்ளினிக்கில் நர்ஸ் போட்டுவிட்டார். ஒரு காலத்தில் கம்ப்ரஸரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறின மனிதர், ஊசியைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ், சார் நான் சுவத்துக்குப் போடல, உங்களுக்குத்தான் என்றார். இருந்தாலும் நன்றாகப் பழக்கிவிட்டார். இனி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியைப் பெட்டியோடு கொடுத்தனுப்பினார். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் என்ற சொல் போதுமே அவருக்கு. யார்கிட்ட வந்து ஃப்ரிட்ஜைப் பத்திச் சொல்றாங்க என்று வழியெல்லாம் சிரிப்பு. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் உனக்குத் தெரியும். பழைய மீன்கடை ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய மோட்டாரை மாட்டி, குளிர்த் திருகைக் கடைசி வரை முறுக்கி வைத்திருப்பார். தக்காளி கல்லாகிவிடும். கேட்டால், இதுக்குப் பேருதான் குளிரு என்பார். அந்த ஊசிப் பெட்டியையும் ஃப்ரிட்ஜுக்குள் பின்சுவரை ஒட்டி வைத்தார், அங்கேதான் குளிர் ஆடாமல் அசையாமல் இருக்குமாம். ஊசி நாளன்று பெட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தால், பேனாவின் சின்ன ஜன்னலுக்குள் மருந்து வெள்ளையாக உறைந்திருந்தது. மேசையில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கரைந்து தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது. பாரு, நல்லாத்தானே இருக்கு என்றார். நான் உள்ளே இருந்த தாளைப் பிரித்து, உறைந்துபோனால் பயன்படுத்தக் கூடாது என்ற வரியைப் படித்துக் காட்டினேன். அதெல்லாம் பொதுவாப் போடுறதும்மா, நர்ஸுக்கு எப்படித் தெரியப் போகுது என்றார். உங்க நெஞ்சுக்குத் தெரியுமே என்றேன். சட்டையைத் தூக்கி வயிற்றைத் துடைக்கப் பஞ்சைக்கூட எடுத்துவிட்டார். அந்த நேரம் எனக்கு இருந்த பயம் ஊசியைப் பற்றியது அல்ல. வெட்கத்தை மறைக்க இந்த மனிதர் கெட்டுப்போன மருந்தையும் ஏற்றிக்கொள்வார், அடுத்த மழைக்காலத்தில் மறுபடி அந்த ஆஸ்பத்திரிக் கட்டில், அந்த ஆக்ஸிஜன் முகமூடி. பஞ்சு கையிலேயே இருந்தது. எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். சுத்தியல் சத்தம் எதுவும் வரவில்லை.

மேலே வந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார், நான் கேட்கட்டும் என்றுதான் என்று நினைக்கிறேன். சிஸ்டர், நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், மருந்தை நானே ஐஸாக்கிட்டேன் என்றார். அந்த நர்ஸ் சிரித்த சிரிப்பு தெரு வரை கேட்டிருக்கும். சிரித்து முடித்து, நல்லவேளை சொன்னீங்க சார், உறைஞ்சா மருந்து கெட்டுடும், பார்த்தா தெரியாது, பல பேர் சொல்லாமக் குத்திக்கிறாங்க என்றார். டாக்டரிடம் கேட்டுவிட்டு, சில நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை, பழையதைக் கொண்டுவந்து புதியது வாங்கிக்கொள்ளுங்கள், மாத்திரையும் இன்ஹேலரும் அப்படியே தொடரட்டும் என்று சொன்னார். இவர் போனை வைத்தார். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்து திருகைத் தளர்த்தினார். உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் தன் வேலையைத் தானே திருத்தி நான் பார்த்ததில்லை. புதிய பேனா வந்ததும் நடுத் தட்டில் வைத்து, வேளை வந்ததும் வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை கைகட்டிக் காத்திருந்து, வயிற்றில் வைத்து அழுத்தினார். டக். கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டாவது டக் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை. முடிஞ்சுதா, நீயே பாத்துச் சொல்லு என்றார். பேனாவின் ஜன்னல் நிறம் மாறியிருந்தது. முடிஞ்சுது என்றேன்.

நான் வியப்பது இதைக்கூட அல்ல. இப்போது எந்த வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாலும், மருந்து ஏதாவது வைக்கிறீங்களா என்று முதலில் கேட்கிறார். வைக்கிறோம் என்றால், பின்சுவத்தை ஒட்டி வைக்காதீங்க, நான் வச்சுக் கெடுத்தவன் என்கிறார். முன்பின் தெரியாதவர்களிடம். இவரை எனக்கு முழுக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் போன வாரம் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். முகம் பழைய முகமாகிறது, வாடகைக்காரர் காலி செய்துகொண்டிருக்கிறார். நீ அங்கே வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. குளிரில் உனக்கும் இருமல் வரும், அலட்சியம் வேண்டாம். மாடிப்படியில் நீயும் மீட்டர் பார்க்கிறவளாக இருந்தால் அப்பாவிடம் சொல், என்னிடம் வேண்டாம்; அவருக்குத்தான் உடனே புரியும். நெஞ்சு நிறைய மூச்சும் மனம் நிறையச் சிரிப்புமாக இருவரும் நெடுநாள் இருங்கள்.

உன் குரலை எதிர்பார்த்திருக்கும்
அம்மா

பி.கு. இன்று அடுத்த ஊசி. இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து, நடுத் தட்டிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு படியருகே நின்று அவரைக் கூப்பிட்டேன்.