இலக்கியா சொன்ன சொல்

அறந்தாங்கி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா பொற்கொடிக்கு,

தங்கை கலைமதி எழுதுவது. இங்கே ஆத்தா, மச்சான், உன் மகள் இலக்கியா எல்லோரும் நலம். குவைத்தில் வெயில் கொஞ்சமாவது குறைந்ததா? கோட்டைப்பட்டினத்து ஷீபா லீவு முடிந்து நாளை மறுநாள் அங்கே திரும்புகிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தையும் ஆத்தா அரைத்த குழம்புப் பொடியையும் கொடுத்துவிடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போனில் பேசினால் எல்லோர் காதிலும் விழும். எனக்கும் வாயால் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும்.

ஆத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலமரக் காட்டுப் பக்கம் மழை ரோட்டை அறுத்துவிட்டதால் பஸ் சுற்றிக்கொண்டு வருகிறது.

நான் மெட்ரிக் பள்ளியை விட்டு வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்றுநராகச் சேர்ந்ததைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டு வனிதா பஸ் ஸ்டாப்பில் எல்லோர் முன்னாலும், "என்ன டீச்சர், எச்சி தொடைக்கிற வேலைக்குப் போறீங்களாம்ல? இதுக்கா ஒங்கக்கா கடல் தாண்டிப் போயி ஒங்கள படிக்க வச்சுச்சு?" என்று கேட்டது. நான் சிரித்துவைத்தேன். நல்ல பதில் ஒன்று தோன்றியது, பஸ் கிளம்பிய பிறகு.

நம் வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். அது உன்னால் நடந்தது. இலக்கியாவுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்தப் படிப்பையும் படித்தேன். பழைய பள்ளியில் நான் ஒரு தடவை சொன்னால் வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். யாருக்குப் புரிந்தது, யார் வாயை மட்டும் அசைத்தார்கள் என்று பார்க்க நேரம் இருக்காது, பாடத்தை முடித்தாக வேண்டும். இங்கே ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் என்று சொல்லித்தர, டம்ளரைக் கையில் கொடுத்து, குடிக்கவைத்து, உதடு ஈரமாக இருக்கும்போதே சொல்ல வேண்டும். பிள்ளை சொல்லிவிட்டாலும் விடக்கூடாது. செம்பில் இருந்தாலும் குழாயில் வந்தாலும் தண்ணீர் என்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சொல்லைப் பிள்ளை கற்றுக்கொண்டதாக அர்த்தம்.

போன வாரம் இலக்கியா 'அம்மா' என்று சொன்னாள். ஆறு வயதில் முதல் சொல். மச்சான் அதை வீடியோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, ஓடிப்போய் ஜிலேபி வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். நீ அழுதுகொண்டே அனுப்பிய பதிலை எல்லோரும் சேர்ந்து கேட்டோம். "புள்ளைக்குப் பேச்சு வந்துருச்சுல்ல, இனி எனக்குக் கவலையில்ல. பொங்கலுக்கு வரல. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, கடன் எல்லாத்தையும் முடிச்சிட்டே வாரேன்" என்றாய்.

அக்கா, அந்தக் கையெழுத்தைப் போடும் முன் இதைப் படித்துவிடு.

மறுநாள் என் வேலைப் பழக்கத்தில் பாயில் மூன்று பொருள்களை வைத்தேன். ஒரு டம்ளர், போன், சேலை கட்டி நீ நிற்கும் படம். "அம்மா எங்க?" என்று கேட்டேன். இலக்கியா போனை எடுத்து என் கையில் வைத்தாள். போனில் சார்ஜ் இல்லை, திரை கறுப்பாக இருந்தது. உன் படம் அவள் முழங்காலுக்குக் கீழே கிடந்தது. மச்சானுடைய பழைய பட்டன் போனை வைத்துக் கேட்டேன். அதையும் எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் வனிதா வீட்டில் போன் அடித்தபோது, சுவரைப் பார்த்து "அம்மா" என்றாள்.

நீ இரண்டாம் முறை போகும்போது அவளுக்கு இரண்டு வயது. இடையில் வர உனக்கு லீவு தரவில்லை. தினமும் நாங்கள் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "இந்தா அம்மா, அம்மா பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

மச்சானிடம் சொன்னேன். உன் படத்தை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு, "பொற்கொடிக்குச் சொல்லிராத கலை. அங்கிட்டு ஒத்தையில கெடக்கா. அந்த ஒரு வார்த்தையாச்சும் அவகிட்ட இருக்கட்டும்" என்றார். அவர் மேல் கோபப்படாதே. சொன்னதும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். முகம் கழுவிக்கொண்டுதான் திரும்பி வந்தார்.

ஆத்தா வேறு மாதிரிச் சொன்னது. "நீதான குளிக்க வைக்கிற, சோறு ஊட்டுற. ஒன்னையவே அம்மான்னு சொல்லிக் குடுத்துரு. புள்ளைக்கு ஒரு ஆளாவது இருக்கட்டும்." சொல்லித்தரத் தெரியாமல் இல்லை, அக்கா. தூங்கும்போது அவள் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்து அந்தச் சொல்லைச் சொன்னால், சீக்கிரமே பிடித்துக்கொள்வாள்.

என்னைச் சித்தி என்றுகூட அவள் இன்னும் சொன்னதில்லை. பரவாயில்லை.

தண்ணீரைக் காட்டித் தண்ணீர் என்று சொல்லித்தருகிறேன். சோற்றைக் காட்டிச் சோறு என்கிறேன். இந்த ஒரு சொல்லுக்குக் காட்ட இங்கே ஆள் இல்லை. நீ வந்தாலும் உடனே சொல்வாள் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. உன்னைப் பார்த்துப் பயந்து என் பின்னால் ஒளியலாம். அப்போது நீ அழக்கூடாது, நானும் அழ மாட்டேன். பக்கத்தில் வந்து உட்கார். அவள் கையை எடுத்து உன் கன்னத்தில் நான் வைக்கிறேன்.

பொங்கலுக்கு வந்துவிடு, அக்கா. நீ சுகமாக வந்து இறங்க வேண்டும் என்றுதான் தினமும் சாமியிடம் கேட்கிறேன். அதுவரை அந்தச் சொல்லை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் என் முந்தானையை அவள் பிடிக்கும்போது தினமும் மனது அடித்துக்கொள்கிறது. சீக்கிரம் வா.

உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்,
தங்கை கலைமதி