வழுவழுப்பான மூன்றாவது இனம்

டிசம்பர் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஆய்வுகூடத்தில் கரண்ட் வந்து வந்து போகிறது.

நத்தைகளை மூன்று தட்டாகப் பிரித்து முடித்தேன். எல்லாம் பிரான்சில் ஒரே கற்குழியில் அண்ணா பொறுக்கி அனுப்பியவை. ஜுராசிக் காலத்துக் கடல் நத்தைகள், கல்லாகிப்போன ஓடுகள்.

அ. தோளில் முடிச்சு வரிசை. பட்டி சுற்றின் நடுவுக்கு மேலே.
ஆ. முடிச்சு இல்லை. நூல் சுற்றியது போல மெல்லிய கோடுகள். பட்டி நடுவுக்குக் கீழே.
இ. முடிச்சும் இல்லை, கோடும் இல்லை. வழுவழுப்பு, ஒரு மினுக்கம். பட்டி ஆ. போலவே.

(பட்டி: வாயோரத்துப் பிளவு, ஓடு வளர வளர மூடிக்கொண்டு வந்த தடம்.)

இ. எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் முதுமாணி (எம்.எஸ்ஸி.) ஆய்வைப் பார்க்கும் பேராசிரியருக்குப் போன மாதமே படம் அனுப்பிவிட்டேன். புது இனமாக இருக்கலாம் என்கிறார். மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் போகப்போகிறது. நாற்பத்தொரு வயதில் முதுமாணி எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் இந்தத் தட்டில். பெயர்கூட யோசித்து வைத்திருக்கிறேன். இங்கேகூட எழுத மாட்டேன்.

வாங்க: மெழுகுதிரி, நுளம்புத்திரி, சவர்க்காரம்.

டிசம்பர் 4, புதன்

மழை. குடை உடைந்தது.

இ. ஒன்றின் அடிக்குழியில் இறுகிய மண். படத்துக்கு அசிங்கம் என்று ஊசியால் கிளறினேன். மண் கழன்ற இடத்தில் கோடுகள். ஆ.வின் அதே கோடுகள்.

இன்னொன்று எடுத்தேன். அதிலும்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். துடைத்தால் மாறிவிடுமாக்கும்.

மண் மூடிய இடத்தில் கோடு, மூடாத இடத்தில் வழுவழுப்பு. அப்படியானால் அந்த வழுவழுப்பு பிறவியில் வந்ததல்ல.

இ. எல்லாம் ஒரே டின்னில் இருந்தவை. வீட்டுக் கூரை திருத்தியபோது கல்குடாவில் மச்சாள் வீட்டில் வைத்த டின். மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, பாசிக்குடாவில் வெள்ளைக்காரருக்குச் சங்கு சிப்பி விற்கிறா.

சாப்பிடவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

மச்சாளுக்குப் போன்.

"ஓங்கா, நான்தான். ஊத்தையாக் கிடந்திச்சு. தேசிக்காய்ப் புளியில ஒரு பகல் ஊறப்போட்டு, மறுகா தேங்காயெண்ணெய் பூசித் துடைச்சன். எங்கட சங்குக்கும் அப்பிடித்தானே. வடிவா வந்திச்சு, என்னகா?"

அந்த எலுமிச்சைப் புளிதான் கோடுகளைக் கரைத்திருக்கிறது. வடிவாகத்தான் வந்தது. கத்திவிட்டேன். "ஆர் கேட்டது உங்கள?" கத்திவிட்டு நானே போனை வைத்தேன்.

இவர்: "அக்கா உனக்கு உதவியெண்டு நினைச்சுத்தானே செஞ்சா." தெரியும். தெரிந்துதான் இன்னும் எரிகிறது.

மினுக்கத்தை ஓர் அடையாளமாக எழுதி வேறு வைத்தேன். தேங்காயெண்ணெய்!

பேராசிரியருக்குச் சொல்லாமல் விட்டால் என்ன? மண்ணைத் திரும்ப அப்பிவிட்டால் யாருக்குத் தெரியும்? பின்னேரம் வரை இதே யோசனை. பிறகு எழுதி அனுப்பினேன். அனுப்பியதும் அழுகை.

டிசம்பர் 6, வெள்ளி

பதில் வந்தது. அடிக்குழிக் கோடு மட்டும் போதாதாம். சில இனங்களில் அடியில் மட்டும் கோடு இருக்குமாம். இ.யும் ஆ.தான் என்று திங்களுக்குள் நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் இருக்கிறபடியே போகும்.

அதாவது, நான் பேசாமல் இருந்தால் இ. பிழைத்துக்கொள்ளும்.

நிறுவ ஒரே வழிதான். ஆ.வில் ஒன்று வேண்டும். உடைந்தது சரிவராது. கோடு நன்றாகத் தெரிகிற, முழு ஓடு.

சோறு அடிப்பிடித்தது.

டிசம்பர் 7, சனி

மழை விட்டது. ஆ. ஒன்று, இ. ஒன்று, பஞ்சில் சுற்றி பஸ்ஸில் கல்குடா. மச்சாள் வாசலில் நின்றா. முகம் பார்க்கவில்லை.

"மச்சாள், அண்டைக்குச் செஞ்ச மாதிரியே இதையும் செய்யோணும்."

"பழுதாப் போச்செண்டுதானே கத்தினாய்?"

"ஓம். இதுவும் பழுதாகோணும்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு தேசிக்காய் வெட்டினா, நான் பிழிந்தேன். ஆ.வைப் போட்டதும் நுரை எழும்பியது. கோடிக்கணக்கான வருஷம் கிடந்தது, தேங்காய்ச் சிரட்டைக்குள் இரைந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளே போய் மீன் கழுவிக் கொடுத்தேன்.

பின்னேரம் மச்சாளே எடுத்துக் கழுவி, எண்ணெய் பூசி, சீலைத் தலைப்பால் துடைத்துத் தந்தா. கொண்டுபோன இ.க்குப் பக்கத்தில் வைத்தேன். மச்சாள் குனிந்து பார்த்து, "இதில அண்டைக்குச் செஞ்சது எது, இண்டைக்குச் செஞ்சது எது?" என்று கேட்டா.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.